மாநகராட்சியில் சங்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நான் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர். சங்கம் ஆரம்பிக்க ஆணையரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்கிறார் மேஸ்திரி. உண்மையா?

வேண்டியதில்லை. சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, 7 பேர் கையெழுத்திட்டுச் சங்கப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் நாளில் ஊழியர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். பெரிய மாநகராட்சிக்கு 100 பேர் போதும்.

சேர்ந்தால் வேலை போகும் என்று யாராவது மிரட்டினால் தேதி, இடம், உடனிருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். அந்த மிரட்டல் தண்டனைக்குரியது. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு சும்மா வரவில்லை. 1918ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்கள்மீது பின்னி ஆலை நிர்வாகம் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவே வாங்கியது. அப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து சங்கங்களைக் காக்க 1926ல்தான் சட்டம் வந்தது.

கேள்வி: நான் நகராட்சி கவுன்சிலர். ஊழியர்கள் சங்கம் தொடங்குகிறார்கள். மன்றத்தில் ஆதரவுத் தீர்மானம் போட்டு, சங்கத்துக்குப் பண உதவியும் செய்யலாமா?

தீர்மானம் போடுங்கள். பணம் வேண்டாம். ஊழியருக்கு வேலை கொடுப்பதே உங்கள் நகராட்சிதான். வேலை கொடுப்பவர் ஒரு சங்கத்துக்குப் பணம் தருவதையும், பல சங்கங்களில் ஒன்றுக்கு மட்டும் சலுகை காட்டுவதையும் சட்டம் நேர்மையற்ற நடைமுறை என்கிறது. நல்லெண்ணத்தில் கொடுத்தாலும், 'நிர்வாகத்தின் சங்கம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் தொழிலாளர்கள் அதை நம்ப மாட்டார்கள்.

சேர்வதும் சேராததும் ஊழியர் விருப்பம், எந்த அதிகாரியும் தலையிடக் கூடாது என்று தீர்மானத்தில் எழுதுங்கள். எல்லாச் சங்கங்களுக்கும் அறிவிப்புப் பலகை, பேச்சுவார்த்தைக்கு மாதம் ஒரு நாள், எழுதிக் கொடுப்பவருக்குச் சம்பளத்தில் சந்தாப் பிடித்தம் ஆகியவற்றையும் சேருங்கள். ஆணையர் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பும்வரை விடாதீர்கள்.

சந்தாப் பிடித்தம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். 1968 பிப்ரவரியில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சங்க அங்கீகாரம், சந்தாப் பிடித்தம் இரண்டையும் மேயர் பிடிவாதமாக மறுத்தார். அவர்களுக்குத் துணை நிற்கப் போன மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ல் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16ல் நகர மன்றம் உடன்பாட்டை ஏற்றது. பிப்ரவரியிலேயே ஏற்றிருக்கலாம் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கேள்வி: நாங்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள். குப்பை அள்ளுவது மாநகராட்சிக்கு. எங்களுக்குச் சங்கம் உண்டா?

உண்டு. சம்பளம் பற்றி ஒப்பந்ததாரரிடம்தான் பேச வேண்டும். ஆனால் அவர் கூலி தராமல் இழுத்தடித்தால், முதன்மை வேலையளிப்பவரான மாநகராட்சி கொடுத்தே ஆக வேண்டும். அதனால் கடிதம் எழுதும்போதெல்லாம் இருவருக்கும் அனுப்புங்கள். அடுத்த டெண்டர் வருமுன் கவுன்சிலர்களைப் பாருங்கள். பி.எஃப்., வார விடுமுறை எல்லாம் டெண்டர் நிபந்தனையிலேயே இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

கேள்வி: உடனே வேலைநிறுத்தம் செய்யலாமா?

கூடாது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழிய வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போதும் வேலையை நிறுத்தக் கூடாது. நோட்டீஸ் நகலைத் தொழிலாளர் துறைச் சமரச அலுவலரிடமும் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.