அறிவொளியும் ரொமான்டிசிசமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அறிவொளிக் காலம் பகுத்தறிவைப் போற்றியது, ரொமான்டிசிசம் உணர்ச்சியைப் போற்றியது என்று எங்கள் பாடக் குறிப்பில் இரண்டு பத்தி அட்டவணை இருக்கிறது. அது போதுமா? (முதுகலை மாணவி)

பதில்: தேர்வுக்கு உதவலாம், புரிந்துகொள்வதற்கு உதவாது. அறிவொளி என்பது பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சிந்தனை இயக்கம்; ரொமான்டிசிசம் அந்த நூற்றாண்டின் இறுதியில் அங்கே எழுந்த கலை, இலக்கிய இயக்கம். அறிவொளிக் காலத்தின் கூர்மையான சிந்தனையாளர்களுள் ஒருவரான டேவிட் ஹியூம், பகுத்தறிவு உணர்ச்சிகளுக்கு அடிமை, அப்படி மட்டுமே இருக்கவும் வேண்டும் என்று 1739-இல் எழுதினார். ஆடம் ஸ்மித் பொருளியல் நூல் எழுதுவதற்கு முன்பே, 1759-இல், அறவுணர்வுகளைப் பற்றி ஒரு முழு நூல் எழுதிவிட்டார். பிரெஞ்சு எழுத்தாளர் தீதரோ தொகுத்த கலைக்களஞ்சியத்துக்கு இசை பற்றிய கட்டுரைகளை எழுதிக் கொடுத்த சிந்தனையாளர் ரூசோதான், அறிவியலும் கலைகளும் மனிதரின் ஒழுக்கத்தைக் கெடுத்தன என்று வாதிட்டு 1750-இல் பரிசும் பெற்றார். அவரை உங்கள் அட்டவணையில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

உண்மையான பிளவு வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டால் அதற்குச் சரியான விடை ஒன்றே உண்டு, அது பாரிசுக்கும் பீக்கிங்குக்கும் பொதுவானது, முயன்றால் எவரும் அதைக் கண்டடையலாம் என்பது அறிவொளிச் சிந்தனையாளர் பலரின் நம்பிக்கை. பிறர் கைப்பிடித்து நடக்கும் சிறுபிள்ளைத்தனத்திலிருந்து வெளியே வந்து சொந்த அறிவைப் பயன்படுத்தத் துணியுங்கள் என்று ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் 1784-இல் எழுதியபோது, அதை ஒரு நாட்டாருக்கு மட்டும் சொல்லவில்லை, மனிதர் அனைவருக்கும் சொன்னார். அவரிடமே பாடம் கேட்ட ஹெர்டர், ஒவ்வொரு மக்கள் கூட்டமும் தன் மொழியிலும் பாட்டிலும் தனக்கென ஒரு மையத்தைக் கொண்டிருக்கிறது, ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளக்கக் கூடாது என்றார். அடுத்த தலைமுறை இன்னும் ஓர் அடி முன்னே சென்று, மிக உயர்ந்தவை கண்டுபிடிக்கப்படுபவை அல்ல, படைக்கப்படுபவை என்றது. கண்டுபிடிப்பதா, படைப்பதா என்ற இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள், அட்டவணை தேவைப்படாது.

கேள்வி: ரொமான்டிக் என்றால் காதல் கவிதைகள்தானே?

பதில்: இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் இலத்தீனில் அல்லாமல் மக்கள் மொழியில் எழுதப்பட்ட வீரசாகசக் கதைகளின் பெயரிலிருந்து வந்த சொல் அது. காதல் அதில் ஒரு பகுதி மட்டுமே.

கேள்வி: ஓவியத்தில் இந்த வேறுபாட்டை எங்கே பார்க்கலாம்?

பதில்: இரண்டு ஓவியங்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் முன்னும் கால் மணி நேரமாவது இருங்கள்.

முதலாவது, டெர்பி நகரத்து ஜோசப் ரைட் 1768-இல் தீட்டிய காற்றுப் பம்புச் சோதனை. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. கண்ணாடிக் கோளத்துக்குள் ஒரு வெள்ளைப் பறவை. உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றினால் அது மூச்சுத் திணறும். சோதனையாளர் மேலே உள்ள அடைப்பில் கை வைத்தபடி நம்மையே பார்க்கிறார். காற்றைத் திரும்ப விடுவாரா, மாட்டாரா என்று படம் சொல்வதில்லை. ஒரு சிறுமி கண்களைப் பொத்திக்கொள்கிறாள். இன்னொருத்தி பயத்தோடு நிமிர்ந்து பார்க்கிறாள். இளம் இணை ஒன்று தங்களுக்குள் மட்டும் பார்த்துக்கொள்கிறது. முதியவர் ஒருவர் மேசையில் மறைந்திருக்கும் மெழுகுவத்தியின் ஒளியைப் பார்த்துச் சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறார். அறிவொளிக் காலத்தின் நடுவில் பிறந்த இந்தப் படத்தில் உணர்ச்சிக்கா குறை? ஆனால் அத்தனை உணர்ச்சியும் ஒரு மேசையைச் சுற்றி, எல்லோருக்கும் பொதுவான ஓர் உண்மையின் முன்னிலையில் நிகழ்கிறது.

இரண்டாவது, ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஷ் தீட்டி, 1810-இல் பெர்லினில் காட்சிக்கு வைக்கப்பட்ட கடலோரத் துறவி. கீழே வெளிறிய மணல், அதன்மேல் கரிய கடலின் ஒரு கோடு, மிச்சமெல்லாம் வானம். விரல் நக அளவில் ஒரு மனிதர் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். ஃபிரீட்ரிஷ் முதலில் கடலில் கப்பல்களை வரைந்து, பிறகு அவற்றை அழித்துவிட்டார் என்பதை அகச்சிவப்புக் கதிர் ஆய்வு காட்டியிருக்கிறது. கண் தங்குவதற்கு இருந்த கடைசி இடத்தையும் அவர் எடுத்துவிட்டார். இதன் முன்னால் நிற்கும்போது கண்ணிமைகளை வெட்டி எடுத்துவிட்டது போல இருக்கிறது என்று எழுத்தாளர் கிளைஸ்ட் குறிப்பிட்டார். இங்கே மேசையும் இல்லை, கூடி நிற்பவர்களும் இல்லை. அந்த மனிதர் என்ன காண்கிறார் என்பதை அவர் மட்டுமே அறிவார்.

கேள்வி: நியூட்டன் வானவில்லின் கவிதையை அழித்துவிட்டார் என்று ஆங்கில ரொமான்டிக் கவிஞர் கீட்ஸ் சொன்னது சரிதானே? (கவிதை எழுதும் வாசகர்)

பதில்: 1817 டிசம்பர் 28 அன்று லண்டனில், ஓவியர் ஹேடன் வீட்டு விருந்தில் நடந்த பேச்சு அது. ஹேடன் தன் பெரிய ஓவியத்தில் நியூட்டனின் முகத்தைச் சேர்த்திருந்ததைக் கட்டுரையாளர் சார்ல்ஸ் லேம் சாடினார். வண்ணங்களாகப் பிரித்துக் காட்டி வானவில்லின் கவிதை முழுவதையும் நியூட்டன் அழித்துவிட்டார் என்பதில் கீட்சும் அவரோடு உடன்பட்டார். அன்று எல்லோரும் நியூட்டனின் நலத்துக்காகக் குடித்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். 1820-இல் அச்சான ஒரு நெடுங்கவிதையிலும் கீட்ஸ் அதே குறையைச் சொல்கிறார். அவரைச் சரி என்றோ தவறு என்றோ ஒரு சொல்லில் தீர்க்க நான் விரும்பவில்லை.

கேள்வி: மன்னிக்கவும் ஐயா, இதில் தயங்க என்ன இருக்கிறது? வானவில் ஏன் ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தில் தெரிகிறது என்று விளக்கும்போது என் வகுப்பே நிமிர்ந்து உட்காருகிறது. கீட்ஸ் சொன்னது அறியாமை. (இயற்பியல் ஆசிரியர்)

பதில்: அறியாமை என்று சொல்வதை ஏற்க மாட்டேன். கீட்ஸ் லண்டன் மருத்துவமனை ஒன்றில் பயின்று 1816-இல் மருந்தாளுநர் உரிமம் பெற்றவர். அறிவியலை வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர். அவர் அஞ்சியது விளக்கத்தைக் கண்டு அன்று. விளக்கிய பிறகு வேறெதுவும் மிச்சமில்லை என்று கருதும் மனநிலையைக் கண்டுதான் என்றே நான் வாசிக்கிறேன். உங்கள் வகுப்பு நிமிர்ந்து உட்காருவதையும் நான் நம்புகிறேன்.

கேள்வி: அப்படியானால் கவிஞர் தோற்றார் என்று ஒப்புக்கொள்கிறீர்களா? (அதே ஆசிரியர்)

பதில்: இல்லை. நீங்கள் சொன்ன அதே கோணத்தையே எடுத்துக்கொள்வோம். அது பார்ப்பவரின் கண்ணிலிருந்து, சூரியனுக்கு நேர் எதிர்த் திசையை வைத்து அளக்கப்படுவது. ஆகவே அருகருகே நிற்கும் இருவருக்கு ஒளியை அனுப்புபவை வெவ்வேறு மழைத்துளிகள். கறாராகச் சொன்னால் ஒவ்வொருவரும் தமக்கான வானவில்லையே காண்கிறார். விதி எல்லோருக்கும் ஒன்று, காட்சி ஒவ்வொருவருக்கும் வேறு. இந்த இடத்தில் நியூட்டனையும் கீட்சையும் மோதவிடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. கீட்சுக்கு மூத்த ரொமான்டிக் கவிஞரான கோல்ரிட்ஜ் 1802-இல் அறிவியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் வேதியியல் சொற்பொழிவுகளைத் தேடிப்போய்க் கேட்டார் என்பதையும் இருவரும் கவனியுங்கள். மற்றவர்களும் காத்திருப்பதால் வானவில்லை இத்துடன் நிறுத்துகிறேன்.

கேள்வி: பாரதியை ரொமான்டிக் கவிஞர் என்று சொல்லலாமா?

பதில்: ஆங்கில ரொமான்டிக் கவிஞர் ஷெல்லியின் பெயரால் ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் அவர், தொடர்பு இருக்கிறது. அதற்கு மேல் சொல்லத் தமிழிலக்கிய ஆய்வாளர்களே தகுதியானவர்கள்.

கேள்வி: ரொமான்டிக் என்பது காதலைக் குறிக்காதா?

பதில்: மேலே இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி: சுருக்கமாக, அறிவா உணர்ச்சியா?

பதில்: முதல் பதிலை முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள். அந்த அட்டவணையை விட்டுவிடும்படி மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ஸ்பானிய ஓவியர் கோயாவின் "பகுத்தறிவின் உறக்கம் அரக்கர்களைப் பெறுகிறது" என்ற படம் எந்தப் பக்கம்?

பதில்: நல்ல கேள்வி, கடைசியில் வந்துவிட்டது. 1799-இல் வெளியான 80 செதுக்கோவியங்களில் அது 43-ஆவது. மேசையில் தலை கவிழ்ந்து ஒருவர் உறங்க, அவர் பின்னாலிருந்து ஆந்தைகளும் வௌவால்களும் எழுகின்றன. தலைப்பில் உள்ள ஸ்பானியச் சொல்லுக்கு உறக்கம், கனவு என இரண்டு பொருளும் உண்டு. பகுத்தறிவு உறங்கும்போது அரக்கர்கள் வருகிறார்கள் என்றால் அது அறிவொளியின் எச்சரிக்கை. பகுத்தறிவு காணும் கனவே அரக்கர்களைப் பெறுகிறது என்றால் அறிவொளியின் மீதே எழும் ஐயம். தமிழில் மொழிபெயர்ப்பவர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஸ்பானிய மொழியில் அந்தக் கட்டாயம் இல்லை. கோயாவின் படத்துக்கான ஒரு பழைய கையெழுத்துக் குறிப்போ, பகுத்தறிவு கைவிட்ட கற்பனை அரக்கர்களைப் பெறும், அதனோடு சேர்ந்த கற்பனை கலைகளின் தாய் என்கிறது.