வாசகர் கேள்வி பதில்: கொரில்லாவைப் பார்க்க 1,500 டாலர், அதில் ஊருக்கு எவ்வளவு?

ருவாண்டாவில் மலைக் கொரில்லாவை ஒரு மணி நேரம் பார்க்க 1,500 டாலராமே! வளரும் நாடு இப்படி விலை வைத்தால் யார் வருவார்கள்? (ஈரோடு வாசகர்)

வருகிறார்கள். 750 டாலராக இருந்த அனுமதிக் கட்டணத்தை 2017 மே மாதம் ஒரே அடியாக இரட்டிப்பாக்கினார்கள். எரிமலைத் தேசியப் பூங்காவில் விற்பதற்கு இருக்கும் இடங்களே குறைவு. மனிதர்களுக்குப் பழகிய ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளுக்கு ஒரு குழு, குழுவுக்கு 8 பேர், நேரம் ஒரு மணி. அதைத் தாண்டி ஒருவரையும் விடுவதில்லை. அப்படியானால் முழு விலையில் ஒரு குடும்பத்தால் நாளொன்றுக்கு வரக்கூடியது 12,000 டாலர்தான். கூட்டத்தைக் கூட்ட வழியில்லாதபோது விலையைத்தான் கூட்ட முடியும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் நோய். நமக்குச் சாதாரண சளி என்றால் கொரில்லாவுக்கு அது நிமோனியா ஆகலாம். அதனால்தான் முகக்கவசம், 15 வயதுக்குக் கீழே அனுமதியில்லை, இருமலோடு வந்தால் மலையேற விடமாட்டார்கள். முன்பு 7 மீட்டர் விலகி நிற்கச் சொன்னார்கள், கொரோனாவுக்குப் பின் 10 மீட்டர். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: செல்ஃபிக்காக ஓரடி, ஈரடி என்று நெருங்கிவிடுகிறார்கள். வழிகாட்டி பின்னே வரச் சொன்னால் உடனே வந்துவிடுங்கள்.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்றும் பங்கிடும் விருங்கா மலைத்தொடரில் 1981 கணக்கெடுப்பில் 254 கொரில்லாக்கள் இருந்தன. 2015-16 கணக்கெடுப்பில் 604. சுற்றுலா மட்டும் இதைச் செய்துவிடவில்லை. தினசரிக் காவலும் காட்டுக்கே போய் வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர்களும் சேர்ந்து செய்தது. அந்தச் செலவைத் தாங்குவதில் அனுமதிக் கட்டணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்தப் பணம் பூங்காவை ஒட்டி வாழும் விவசாயிக்குப் போகிறதா? (திருச்சி வாசகி)

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சுற்றுலா வருமானத்தில் 5 சதவீதத்தைப் பூங்காக்களைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஒதுக்குவது 2005-ல் தொடங்கியது. 2017-ல் விலையோடு சேர்த்து அதையும் 10 சதவீதமாக்கினார்கள். பள்ளிக்கூட அறை, சுகாதார நிலையம், தண்ணீர்த் தொட்டி, சாலை என்று அது திட்டங்களாகவே இறங்குகிறது. குறையும் அங்கேதான். காட்டெருமை இரவில் இறங்கி உருளைக்கிழங்குத் தோட்டத்தை மிதித்துவிட்டால், நஷ்டம் அந்த ஒரு வீட்டுக்கு; பள்ளிக்கூடமோ எல்லோருக்கும். நஷ்டஈட்டுக்குத் தனி நிதி இருக்கிறது, ஆனால் சேதத்தை மதிப்பிட்டு, விண்ணப்பம் நகர்ந்து, பணம் கைக்கு வரும்வரை விதைக் கிழங்குக்குக் கடன்தான். பூங்கா எல்லையில் 70 கிலோமீட்டருக்கு மேல் கல்சுவர் கட்டியிருக்கிறார்கள். கல் சரிந்த இடத்தை உடனுக்குடன் அடைக்காவிட்டால் எருமை அந்த வழியையே பழகிக்கொள்ளும்.

இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது சபின்யோ மலையடிவார விடுதி ஏற்பாடு. விடுதி ஊர்ச் சங்கத்தின் சொத்து. நடத்துவது தனியார் நிறுவனம். பயணி தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு கட்டணமும் விற்பனையில் ஒரு பங்கும் சங்கத்துக்கு வருகின்றன. சொத்தே ஊர்க்காரர்களுடையது என்பதால் பேரம் பேசும் பலம் அவர்களிடம் இருக்கிறது. நீங்கள் போனால் மலையேற்றம் தொடங்கும் இடத்திலேயே உள்ளூர்ச் சுமைதூக்கி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், பை கனமில்லாவிட்டாலும். அந்தக் கூலி நேராக ஒரு வீட்டுக்குப் போகிறது.

ஒரே வருமானத்தை நம்புவது ஆபத்தில்லையா? (நாகர்கோவில் வாசகர்)

ஆபத்துதான். 2020 மார்ச்சில் கொரோனாவால் பூங்கா மூடியதும் அனுமதி வருமானம் நின்றது. அண்டை நாடான உகாண்டாவின் புவிண்டி காட்டில் அந்த ஜூனில் ‘ரஃபிகி’ என்ற பெயர்பெற்ற ஆண் கொரில்லா வேட்டைக்காரரின் ஈட்டிக்குப் பலியானது. நல்ல ஆண்டுகளில் ஒரு பகுதியைக் காவலர் சம்பளத்துக்கென்று தனியே ஒதுக்கிவைப்பது இதனால்தான் அவசியம்.

பூட்டானும் கட்டணத்தை ஏற்றிவிட்டு இறக்கியதே, ஏன்? குடும்பமாகப் போக எவ்வளவு ஆகும்? (கோவை வாசகி)

முன்பு தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்ந்த குறைந்தபட்ச நாள் கட்டணத்துக்குள்ளேயே 65 டாலர் வளர்ச்சிக் கட்டணமும் அடங்கியிருந்தது. 2022 செப்டம்பரில் அந்த முறையை எடுத்துவிட்டு, ஓர் இரவுக்கு 200 டாலர் என்று தனியாக வாங்கினார்கள். அறை வாடகை அதற்கு மேல். பயணிகள் வரத்து மந்தமாகவே இருந்தது. ஓராண்டில் 100 ஆக்கினார்கள்.

இந்த வளர்ச்சிக் கட்டணம் இந்தியர்களுக்கு இரவுக்கு 1,200 ரூபாய்; 6 முதல் 12 வயதுக்குள் பாதி; 6 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. பெரியவர் இருவர், 9 வயதுப் பிள்ளை, 4 வயதுப் பிள்ளை என்று 5 இரவு தங்கினால் 15,000 ரூபாய், வாடகையும் சாப்பாடும் தனி. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். பாஸ்போர்ட் இல்லாத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ். ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு போய் எல்லையில் நிற்க வேண்டாம்.