பட்ஜெட் ஏர்லைன்கள் அடுத்தவர்கள் ஓட்டிக் கழித்த விமானத்தை வாங்கி ஓட்டுகின்றனவாமே, நம்பி ஏறலாமா?

டிக்கெட் போட்ட பிறகு யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள் போல. தாராளமாக ஏறுங்கள்.

பழைய விமானம் என்றதும் எல்லோரும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் வேல்யூஜெட் என்ற பட்ஜெட் ஏர்லைன்தான். அதனால் அவர்களுடைய ஒரு விமானத்தின் கதையையே சொல்கிறேன். அது டிசி-9 என்ற வகை ஜெட் விமானம். 1969 மே மாதம் டெல்டா என்ற விமான நிறுவனத்துக்குப் புதிதாக வந்தது. 23 வருடம் உழைத்து, 1992இல் ஓய்வு பெற்றது. 1993இல் அட்லாண்டாவில் தொடங்கிய வேல்யூஜெட் மலிவு விலையில் பழைய டிசி-9களை வாங்கிக் குவித்தபோது இதுவும் அங்கே போனது. 1996 மே 11 அன்று மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குக் கிளம்பிப் பத்து நிமிடத்துக்குள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 110 பேரும் போய்விட்டார்கள்.

27 வயது விமானம், வேறென்ன ஆகும் என்றுதான் ஊரே பேசியது. விசாரணையில் வந்தது வேறு. சரக்கு அறையில் ஐந்து அட்டைப் பெட்டிகள் இருந்தன. அவற்றில் வேறு விமானங்களிலிருந்து கழற்றிய, காலாவதியான ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள். உங்கள் தலைக்கு மேலிருந்து மாஸ்க் விழுமே, அதற்குக் காற்று கொடுக்கும் டப்பாதான் அது. முனையில் இருக்கும் ஊசி தட்டினால் உள்ளே ரசாயனம் எரிந்து ஆக்சிஜன் வரும், மேல்தோல் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும். அந்த முனைக்குச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி போட வேண்டும். போடவில்லை. ஆனால் போட்டதாக, வேல்யூஜெட் வேலை கொடுத்திருந்த பராமரிப்பு நிறுவனத்தில் கையெழுத்து இருந்தது. பெட்டியின் ரசீதில் ‘காலி’ என்று எழுதியிருந்தது. காற்றில்லாமல் தீ தானே அணைந்துவிடும் என்று நம்பிக் கட்டிய சரக்கு அறை அது, புகை காட்டும் கருவிகூட இல்லை. எரிகிற பொருளே ஆக்சிஜன் கொடுத்தால் எப்படி அணையும்?

அந்தப் பெட்டிகளைக் கட்டியவர் அந்தப் பராமரிப்பு நிறுவனத்தின் ஸ்டோர்ஸ் ஆள், அதாவது உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். புது வாடிக்கையாளர் பார்க்க வருகிறார், இடத்தைச் சுத்தம் செய் என்றார்கள், கட்டினார். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் நானும் ஸ்டோர்ஸ் ஆள்தான். விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு ஹேங்கரில் 11 வருடம்.

ஒருநாள் சாயங்காலம், ஷிஃப்ட் முடிய அரைமணி நேரம் இருக்கும்போது ஒரு பெட்டி வந்தது. பபிள் ராப்பைப் பிரித்தால் அதே டப்பா இரண்டு. ஒன்றில் மூடி இல்லை. டேக்கில் தேதி மட்டும் இருக்கிறது, கழற்றியவர் கையெழுத்து இல்லை. வாங்க மாட்டேன் என்றேன். “நாளைக்கு ஆடிட் சார், இப்ப வாங்கி வைங்க, காலையில பாத்துக்கலாம்” என்றார் இன்சார்ஜ். நான் அசையவில்லை. கடைசியில் கழற்றிய பையனையே வீட்டிலிருந்து வரவழைத்தார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து அந்த மூடியை எடுத்தான், பஸ் டிக்கெட்டோடு சேர்ந்து கிடந்தது. அந்த வருடம் என் அப்ரைசலில் ‘குழுவோடு ஒத்துழைப்பதில்லை’ என்று எழுதினார்கள். இன்கிரிமென்ட் போச்சு. சரி, விடுங்கள்.

உடனே ‘வேல்யூஜெட்டுக்கு வக்காலத்து வாங்குகிறாயா’ என்று வராதீர்கள். வெளியாளிடம் கொடுத்த வேலையை அவர்கள் சரியாக மேற்பார்வை பார்க்கவில்லை என்று விசாரணை அறிக்கையே சொல்கிறது. சரக்கு அறைக்குப் புகைக் கருவியைக் கட்டாயமாக்காத அரசுத் துறையையும் சேர்த்துத்தான் குற்றம் சொன்னது. விமானத்துக்கு வயதே ஆகாது என்றும் நான் சொல்லவில்லை. எத்தனை முறை ஏறி இறங்கியது என்று கணக்கு வைத்து, குறித்த காலத்தில் சீட்டையெல்லாம் கழற்றி, விரிசல் இருக்கிறதா என்று தேடுவார்கள். அதை ஒழுங்காகச் செய்தால் பழையதும் பறக்கும்.

எங்கள் சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் புரியாது. விமானத்தில் வேலை என்றால் ஓசி டிக்கெட் கிடைக்கும் என்று இன்னும் நினைக்கிறார்கள், 11 வருடத்தில் எனக்கே ஒன்று கிடைத்ததில்லை. நேற்று சித்தப்பா பையன் போன் பண்ணினான். பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் போட்டு லக்கேஜில் கொடுத்துவிடவா என்றான். கூடாது, கையில் எடுத்துப் போ என்றேன். “அட போண்ணே, அதை யாரு பாக்கப் போறா?” என்கிறான்.