மானிட்டர் வாங்குவதற்கு முன் ஒரு ரைட் கிளிக்

கேள்வி: 15.6 அங்குல லேப்டாப்பில் பிடிஎஃப் பில்லைப் பார்த்து எக்செல்லில் ஏற்றும் வேலை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இடம் போதவில்லை. ஆல்ட்-டேப் அடித்தே கை ஓய்கிறது. கடைக்காரர் இரண்டாவது மானிட்டர் வாங்கச் சொல்கிறார். நண்பர், திரையைப் பிரிக்கும் மென்பொருளைப் போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவரையும் விடுங்கள். டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' போங்கள். அங்கே எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கிக் காட்டும் 'ஸ்கேல்' பெரும்பாலும் 150 அல்லது 125 சதவீதத்தில் இருக்கும். 150 என்றால், 1920x1080 புள்ளிகள் கொண்ட திரை உங்களுக்குத் தருவது 1280x720 திரையின் இடத்தைத்தான். காசு கொடுத்து வாங்கியதில் பாதிக்கு மேல் போச்சு! முதல்முறை ஆன் செய்யும்போது ஆயிரத்தெட்டு கேள்வி கேட்கிற கம்ப்யூட்டர், இதை மட்டும் கேட்பதே இல்லை. ஒரு படி குறைத்துப் பாருங்கள். கண் ஒத்துக்கொண்டால் 100 வரை போகலாம். அதன் கீழே இருக்கும் 'ரெசல்யூஷ'னில் கை வைக்காதீர்கள், எழுத்து மங்கிவிடும்.

அப்புறம், பிடிஎஃப்பைத் திறந்து, விண்டோஸ் கீயை அழுத்தியபடி இடது அம்புக்குறியைத் தட்டுங்கள். அது இடது பாதியில் போய் ஒட்டிக்கொள்ளும். வலது பாதியில் மற்ற விண்டோக்கள் சின்னதாக வரிசைகட்டும். எக்செல்லைக் கிளிக் செய்யுங்கள். நடுக்கோட்டை இழுத்து எக்செல்லுக்கு அதிக இடம் கொடுக்கலாம். கன்ட்ரோல்-எஃப்1 தட்டினால் எக்செல்லின் மேல்பட்டையும் சுருங்கி, இன்னும் சில வரிசைகள் தெரியும்.

இப்படிப் பாதியாகப் பிரிக்கும் வசதி 2009-ல் விண்டோஸ் 7 வந்ததிலிருந்தே இருக்கிறது. இதற்குத் தனி மென்பொருள் தேடினால் முதலில் வந்து நிற்பது விளம்பரம். உள்ளே போனால் பளிச்சென்று நாலைந்து 'டவுன்லோட்' பட்டன்கள். எதை அமுக்கினாலும் கூடவே நாலு வேண்டாத விருந்தாளிகள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். மூன்று நான்காகப் பிரித்தே ஆக வேண்டுமா? மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் 'ஃபேன்சிஸோன்ஸ்' இருக்கிறது. அதை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்கள் திரை பழைய 1366x768 ரகம் என்றால் மேலே சொன்ன ஸ்கேல் வைத்தியம் பலிக்காது. அதில் ஸ்கேல் அநேகமாக ஏற்கெனவே 100-ல்தான் இருக்கும். அதற்குக் கீழே விண்டோஸ் இறங்காது. இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 683 புள்ளி அகலம். எக்செல்லில் சில பத்திகள் தெரிந்தாலே பெரிது. பிடிஎஃப்பை பிரவுசரில் திறந்து, கன்ட்ரோலும் மைனஸும் தட்டி 80 சதவீதத்துக்குச் சுருக்கலாம். கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். இந்த ஒரு நிலையில் கடைக்காரர் சொல்வது சரி, மானிட்டர் வாங்குங்கள்.

ஆனால் கூடவே அவர் நீட்டும் யுஎஸ்பி-சி அடாப்டரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். சில யுஎஸ்பி-சி போர்ட்டில் படம் வராது. லேப்டாப் தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலைத் தேடி, அந்த போர்ட்டுக்கு நேரே 'டிஸ்பிளேபோர்ட்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். லேப்டாப்பின் பக்கவாட்டில் எச்டிஎம்ஐ போர்ட் இருந்துவிட்டால் இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் போதும்.