சீற்றின் கனம் கூரையைக் காக்காது

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் கடலிலிருந்து 300 மீற்றருக்குள் எங்கள் வீடு. 24 அடிக்கு 20 அடி, இருபக்கச் சரிவு. அமானோ தகரச் சீற் போட்டு ஒன்பது வருடமாகிறது, சில ஸ்குரு ஆணிகள் துருப்பிடித்துவிட்டன. முன்விறாந்தைக்கும் அதே கூரைதான் நீண்டு இறங்குகிறது. பார்க்க வந்த கொந்தராத்துக்காரர், முழுவதையும் கழற்றிவிட்டு தடிப்பான சீற் போட்டால் சூறாவளிக்கும் அசையாது என்கிறார். பாதிப் பணத்தை முதலிலேயே கேட்கிறார். மாரிக்கு முன் செய்துவிடலாமா?

பதில்: காசைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பயம் நியாயமானது, அவர் சொல்லும் வைத்தியம்தான் பிழை.

ஒரு சதுர மீற்றர் சீற் நாலு, நாலரைக் கிலோ இருக்கும். மணிக்கு 120 கிலோமீற்றர் காற்றில், கூரையின் ஓரங்களில் அதே சதுர மீற்றரை மேலே இழுக்கும் விசை எழுபது கிலோவுக்குக் குறையாது. தடிப்பான சீற் போட்டால் ஒரு கிலோ கூடும். எழுபதுக்கு முன்னால் அந்த ஒரு கிலோவால் என்ன ஆகப்போகிறது? கூரை பாரத்தில் நிற்பதில்லை, பிணைப்பில் நிற்கிறது. சீற்றை அதன் அடியில் குறுக்கே ஓடும் சலாகை பிடிக்க வேண்டும், சலாகையை முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் கைமரம் பிடிக்க வேண்டும், கைமரத்தைச் சுவர் உச்சியில் படுத்திருக்கும் வோல் பிளேற், அதைச் சுவர். இதில் எது மெலிவோ அங்கேதான் பிடுங்கும். நம் பக்கத்து வீடுகளில் மெலிவு பெரும்பாலும் கடைசி இடத்தில்: வோல் பிளேற் சாந்தில் சும்மா படுத்திருக்கும்.

1978 நவம்பர் மட்டக்களப்புச் சூறாவளிக்குப் பிறகு, 1980இல் அரசு பலத்த காற்றுக்கான கட்டட வழிகாட்டி ஒன்றைத் தயாரித்து நாட்டை மூன்று வலயங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரைக்கு வைத்த கணக்கு நொடிக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு சுமார் 176 கிலோமீற்றர். அந்த வேகத்தில் மேலே சொன்ன எழுபது நூற்றைம்பதாகிவிடும். நாற்பது வருடத்துக்கு மேலாகியும், வரைபட அனுமதிக்குப் போனால் வீதியிலிருந்து எத்தனை அடி, மலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி என்றுதான் அளக்கிறார்கள். கூரை எதில் கட்டியிருக்கிறது என்று கேட்பவரைக் காண்பது அரிது. வரைபடத்திலும் கூரை என்பது இரண்டு சாய்ந்த கோடுகள், அவ்வளவுதான்.

முதல் வேலையாகச் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி, ரோச் அடித்துச் சுவர் உச்சியைப் பாருங்கள். சுவரைச் சுற்றி ஓடும் கொங்கிறீற் ரிங் பீம் இருந்தால் நல்லது. வோல் பிளேற்றையும் பீமையும் சேர்த்து மூன்றடிக்கு ஒன்றாக 12 மில்லிமீற்றர் நங்கூர போல்ற் இறக்கச் சொல்லுங்கள். ரிங் பீம் இல்லாமல் வெறும் புளொக் சுவர் என்றால், மேல் வரிக் கல்லில் துளைத்து போல்ற் அடிப்பதில் பயனில்லை, காற்று அந்த ஒரு வரியையும் சேர்த்தே கிளப்பும். பட்டை இரும்பைச் சுவரின் இருபுறமும் மூன்று, மூன்றரை அடி கீழே கொண்டுவந்து, சுவரை ஊடுருவிய போல்ற்றால் இறுக்க வேண்டும். அப்போதுதான் நாலைந்து வரிக் கல்லின் பாரம் கூரைக்குத் துணை நிற்கும்.

அடுத்தது கைமரம். மூன்றடிக்கு ஒன்று என்றால் பக்கத்துக்கு ஒன்பது. வோல் பிளேற்றில் பதினெட்டு மூட்டு, முகட்டில் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் 30 மில்லிமீற்றர் அகல, ஒரு மில்லிமீற்றர் கன கல்வனைஸ் பட்டி இரண்டடி, பக்கத்துக்கு நாலு ஆணி. சலாகையும் கைமரமும் சந்திக்கும் இடங்களுக்கு ஓரடிப் பட்டி போதும். மொத்தம் நூற்றைம்பது அடி பட்டி வாங்கினால் சரி. கைமரத்தைச் சரித்து அடித்த இரண்டு ஆணியைக் காட்டி “இதுவே பிடிக்கும்” என்று வேலை செய்யும் பாஸ் சொன்னால் நம்ப வேண்டாம். ஆணி கீழ்நோக்கிய பாரத்துக்குத்தான் நிற்கும், மேலே இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

இனி ஸ்குரு. சீற்றின் மேடு எட்டங்குலத்துக்கு ஒன்று, சலாகை சரிவுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால், இறவாரத்திலும் முகட்டிலும் எல்லா மேட்டிலும் அடிக்க வேண்டும். இரண்டு அந்தங்களிலும் நாலடி அகலத்துக்கு அப்படியே. நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. கிட்டத்தட்ட 320 வரும், 350 வாங்குங்கள். நீளம் 65 மில்லிமீற்றர். நுனி துளைப்பான் அலகு மாதிரி இருப்பது இரும்புச் சட்டத்துக்கு உரியது. உங்களுக்கு வேண்டியது கூர்நுனியும் அகன்ற இழையும் உள்ள, மரத்துக்கான ஸ்குரு. ஹாட்வெயார் கடையில் இரண்டையும் ஒரே பெட்டியில் அள்ளித் தருவார்கள், பார்த்து எடுங்கள். வாஷர் பிளாஸ்ரிக்காக இல்லாமல் கறுப்பு றப்பராக இருக்கட்டும். றப்பர் விளிம்பில் லேசாகப் பிதுங்கும்போதே மெஷினை நிறுத்த வேண்டும். நசுங்கினால் மறுவருடமே ஒழுகும். கடலோரம் என்று ஸ்ரெயின்லெஸ் ஸ்குரு வாங்கப் போகாதீர்கள். அது துருப்பிடிக்காது, ஆனால் உப்பு ஈரத்தில் தன்னைச் சுற்றியுள்ள சீற்றை அரித்துவிடும்.

கொந்தராத்துக்காரர் இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை? பட்டியிலும் போல்ற்றிலும் அவருக்கு இலாபமில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது இலாபம் முழுவதும் சீற்றில். 0.47 மில்லிமீற்றர் கனம் என்று விலை சொல்லி அதைவிட மெல்லியதை ஏற்றிவிடலாம், ஏணியில் நிற்கும் உங்களுக்குத் தெரியாது. “பழையதை நானே அகற்றித் தருகிறேன்” என்பதும் இலவச உதவியில்லை. உங்கள் ஒன்பது வருடச் சீற் விற்பனைக்குப் போகும். பொருள் பொருளாக விலை எழுதிய பில் கேளுங்கள். முற்பணம் கொடுப்பதானால் முற்றத்தில் வந்து இறங்கிய சாமானுக்கு மட்டும். பட்டி அடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகே சீலிங்கை மூட விடுங்கள், கடைசிப் பங்கை அதுவரை கையில் வைத்திருங்கள்.

இறவாரத்தின் அடிப்பக்கத்தை மட்டும் விரலால் அழுத்திப் பாருங்கள். மழை கழுவாத அந்த இடத்தில்தான் உப்பு படிந்து அரிக்கும். பொத்தல் விழுந்திருந்தால் அந்தச் சீற்றை மாற்றத்தான் வேண்டும். அப்போது வேனியர் கலிப்பரோடு கடைக்குப் போங்கள். 0.40க்குக் கீழே போனால் ஸ்குரு நின்றாலும் சீற் அதைச் சுற்றிக் கிழிந்துகொண்டு போய்விடும்.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது அந்த விறாந்தை. மூன்று பக்கமும் திறந்த இடத்தில் காற்று புகுந்து கீழிருந்து தள்ளும், மேலிருந்து இழுக்கும், இரண்டும் ஒரே நேரத்தில். ஒரே சீற்றாக இறங்கினால் விறாந்தையில் தொடங்கிய உரிப்பு முகடு வரை போகும். ஆகவே சுவர் வரியில் சீற்றை வெட்டி, விறாந்தைக் கூரையை ஒரு சாண் தாழ்த்தித் தனியாகப் போடுங்கள். போனால் அது மட்டும் போகட்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு: தூண்கள் கொங்கிறீற்றாக இருந்து, உள்ளே கம்பி அத்திவாரத்திலிருந்தே எழுந்து, மேலே கூரையைத் தாங்கும் விறாந்தைத் தீராந்தியையும் அந்தக் கம்பியோ போல்ற்றோ பிடித்திருந்தால் வெட்டத் தேவையில்லை. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். தூண் தடிப்பாக இருக்கிறது என்பது சாட்சியாகாது. பூச்சுக்குள்ளே செங்கல் மட்டும் அடுக்கிய தூண்களும் தடிப்பாகத்தான் இருக்கும். கட்டிய மேசனைக் கேளுங்கள். ஞாபகமில்லை என்றால் தூணின் அடியில் ஒரு மூலையில் இரண்டங்குலம் கொத்திப் பாருங்கள். கம்பி தெரியாவிட்டால் விதிவிலக்கை மறந்துவிட்டு வெட்டுங்கள். இரும்புக் குழாய்த் தூண் என்றால் நில மட்டத்தில் துருவைத் தட்டிப் பார்க்கவும் வேண்டும்.

ஓட்டு வீடு, அஸ்பெஸ்ரஸ் வீடு வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம், அது வேறு கதை.

புயலன்று யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் காற்று வெளியேறும் என்பது கட்டுக்கதை. திறந்த யன்னல் வழியே புகுந்த காற்று உள்ளிருந்தும் கூரையைத் தள்ளும். எல்லாவற்றையும் பூட்டுங்கள், கடல் பக்கத்தை மட்டுமல்ல. 2020 டிசம்பர் 2 இரவு வந்த புரெவிப் புயல் போல மையம் நகருக்கு வடக்கே கரையேறினால் உங்களுக்குக் காற்று மேற்கிலிருந்து வரும். தெற்கே போனால் கடலிலிருந்து. கூரையில் மண் மூட்டை ஏற்றுவதானால் இரண்டிரண்டாகக் கயிற்றில் பிணைத்து முகட்டின் இருபுறமும் தொங்க விடுங்கள், தனி மூட்டை பறந்து அடுத்த வீட்டில் விழும்.

வேலையை ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே முடியுங்கள். கச்சான் காற்று வீசும் நேரத்தில் சீற்றைக் கழற்ற விடாதீர்கள். மிஞ்சும் முப்பது ஸ்குருவைப் பாஸ் கொண்டுபோக விடாமல் ஒரு ரின்னில் போட்டு வையுங்கள். வருடத்துக்கொருமுறை துருப்பிடித்த நாலைந்தை மாற்ற அதே அளவு வேண்டும்.