அந்தச் சாப்பாட்டுப் பையைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: பொய்க்கணக்கில் கையெழுத்திட மறுத்ததற்காக, பணத்தைக் கையாடியதாக என்மீதே பழி சுமத்தி, ஆறு வாரங்களுக்கு முன் என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். பயத்தில் உறக்கமில்லை. சிங்கக் கெபியில், அதாவது சிங்கங்களின் குகையில், வேதாகமத்தின் தானியேல் இருந்ததுபோல் கர்த்தரை மட்டுமே நம்பியிருக்கிறேன். இரவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் ஜெபிக்கிறேன். வீட்டில் எதுவும் தெரியாது. மனைவி கட்டித்தரும் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கிளம்பிவிடுகிறேன். ஆனாலும் பயம் போகவில்லை. என் விசுவாசத்தில் குறையா?

பதில்: சகோதரரே, நியாயத்தின் பக்கம் நின்றதற்காக ஒடுக்கப்படுகிறவர்களின் கடிதங்கள் எனக்குப் பல ஆண்டுகளாக வருகின்றன. கர்த்தர் கைவிடமாட்டார் என்று எழுதி முடித்துவிடலாம், அது உண்மையும்கூட. ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தச் சாப்பாட்டு வரியை என்னால் தாண்டிப்போக முடியவில்லை.

விடியுமுன் எழுந்து உங்கள் மனைவி சமைத்துக் கட்டித்தந்ததை, போக அலுவலகம் இல்லாத நீங்கள் எங்கோ ஓரிடத்தில் தனியே உட்கார்ந்து பிரிக்கிறீர்கள். மாலையில் காலிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "இன்று வேலை அதிகமா?" என்று அவர் கேட்டிருப்பார், நீங்களும் ஏதோ சொல்லியிருப்பீர்கள். அலுவலகத்தில் ஒரு பொய்க்குக் கையெழுத்திட மறுத்தவர், வீட்டில் நாள்தோறும் ஒரு பொய்க்குக் கையெழுத்திடுகிறீர்கள். அவரைக் கலங்கவைக்க வேண்டாமென்றுதான் மறைத்தேன் என்பீர்கள். அதை நான் ஏற்கமாட்டேன். இந்தச் சுமையைத் தாங்க அவரால் ஆகாது என்று, அவரை ஒரு வார்த்தை கேட்காமலே தீர்ப்பெழுதிவிட்டீர்கள். விசாரிக்காமல் தீர்ப்பெழுதுவதைத்தானே உங்கள் மேலதிகாரிகளிடம் அநியாயம் என்கிறீர்கள்?

தானியேலைத் துணைக்கு அழைத்தீர்கள். சரி, அவரையே பார்ப்போம். ராஜாவைத் தவிர வேறு எவரிடமும் 30 நாள் விண்ணப்பம் செய்யக்கூடாது என்ற கட்டளை வந்த பிறகும், அவர் தம் மேலறையில் பலகணிகள் திறந்திருக்கத்தான் ஜெபித்தார்; அதற்காகத்தான் கெபியில் போடப்பட்டார். அதற்கும் முன்பு, ராஜா கண்ட கனவைச் சொல்ல முடியாத பாபிலோனின் ஞானிகளோடு அவரையும் கொலைசெய்யத் தேடியபோது, அவர் ராஜாவிடம் தவணை கேட்டுவிட்டுத் தம் வீட்டுக்குப் போய், அனனியா, மீஷாவேல், அசரியா என்ற மூன்று தோழர்களுக்கும் செய்தியை அறிவித்து, தேவனுடைய இரக்கத்துக்காக அவர்களையும் மன்றாடச் சொன்னார் என்று தானியேல் புத்தகத்தின் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தக் கனவின் மறைபொருள் வெளிப்பட்டது அதன் பிறகுதான். நீங்கள் கெபியை நினைவில் வைத்துக்கொண்டு, அந்த வீட்டை மறந்துவிட்டீர்கள்.

அறைவீட்டின் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவர் இயேசுவே அல்லவா என்று கேட்கலாம். மனிதர் காணவேண்டும் என்று ஜெபிக்கிறவர்களைக் குறித்து அவர் சொன்னது அது; மனைவியிடமிருந்து ஒளிந்துகொள்ள அல்ல. பிடிபடுவதற்கு முன் கெத்செமனே என்ற இடத்தில் வியாகுலப்பட்டபோது அவரே மூன்று சீஷர்களை அழைத்து, தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம், அவர் கேட்டார். கர்த்தரை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு, அவர் துணையாகத் தந்தவரை நம்பாமலிருப்பதை விசுவாசம் என்று நான் எழுதமாட்டேன்.

வழக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குற்றச்சாட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பதிலையும் எழுத்திலேயே கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது. தமக்கு அநியாயம் நடக்கவிருந்தபோது அப்போஸ்தலன் பவுலும் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார்.

இன்றிரவு அறைக்குள் போகும்போது உங்கள் மனைவியையும் அழைத்துக்கொள்ளுங்கள். ஜெபத்துக்கு முன் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் அழலாம், கோபப்படலாம். ஆறு வாரங்களாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். நாளைக் காலை அவர் அடுப்பைப் பற்றவைக்கும் முன் இது நடந்திருக்க வேண்டும்.