கோலாட்: பனியில் வழி தொலைத்தவர்களின் கேள்விகள்

போலந்தைச் சேர்ந்த ஐஎம்ஜிஎன்.ப்ரோ என்ற சிறிய ஸ்டுடியோ 2015 ஜூனில் வெளியிட்ட திகில் கேம் ‘கோலாட்’. ரஷ்யாவின் வட உரால் மலைத்தொடரில், 1959-ல் ஒன்பது மலையேறிகள் இறந்துபோன டியாட்லோவ் கணவாய்ப் பகுதியில் கதை நடக்கிறது. நம் கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, ஒரு டார்ச். மற்றதெல்லாம் பனி. ஆடியவர்களில் ஒரு பாதி இதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், மறுபாதி ஒரு மணி நேரத்தில் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் பனிப் பிரதேசத் திகில் கேம்களை விடாமல் ஆடுபவன், அவற்றுக்கு வரும் விமர்சனங்களையும் விடாமல் படிப்பவன். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வரைபடத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்பதையே காட்டவில்லை. ஒரே பாறையை நாலு தடவை சுற்றி வந்தேன். இது பக் தானே?

பக் இல்லை தம்பி, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். வரைபடத்தின் ஓரத்தில் சில ஆயத்தொலைகள் எழுதியிருக்கும், போக வேண்டிய இடங்கள் அவை. வழியில் சில பாறைகளிலும் எண்கள் எழுதியிருக்கும். அந்த எண்ணைப் பார்த்ததும் வரைபடத்தைத் திறந்து, கட்டங்களில் விரல் வைத்துத் தேடினால் நீ நிற்கும் இடம் தெரியும். ஒரு குறிப்புத் தாளையோ முகாமையோ கண்டுபிடித்தால் அது வரைபடத்தில் தானாகப் பதிவாகும். அந்த நேரத்தில் மட்டும் உன் இடம் உனக்கு உறுதியாகத் தெரியும். அடுத்த நிமிடம் நடக்க ஆரம்பித்ததும் மறுபடி ஊகம்தான்.

இந்த கேமுக்கு வந்த புகார்களிலேயே அதிகம் கண்ணில் படுவது இதுதான், கேமின் ஆகச் சிறந்த யோசனையும் இதுதான் என்பது என் கருத்து. ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டால் எல்லோரும் புள்ளியைப் பார்த்துத்தான் நடப்பார்கள், மலையைப் பார்க்க மாட்டார்கள். புள்ளி இல்லாததால்தான் வலப்பக்கம் ஒடிந்து கிடந்த மரமும், சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதும் மனதில் பதிகின்றன. கனடாவின் பனிக்காட்டில் உயிர் பிழைக்கும் கேமான ‘தி லாங் டார்க்’ ஆடியிருந்தால் தெரியும், அங்கேயும் கரித்துண்டை வைத்து நாமேதான் சுற்றுப்புறத்தை வரைய வேண்டும்.

ஆனால் உன் எரிச்சலிலும் நியாயம் இருக்கிறது. எண் எழுதிய பாறைகள் போதவில்லை, சில இடங்களில் வெகுதூரம் நடந்தாலும் ஒன்றுகூடத் தென்படாது. வழி தவறியவனுக்கு ‘நான் தவறிவிட்டேன்’ என்று தெரிய ஏதாவது ஒரு அடையாளம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் பயம் போய் அலுப்பு வந்துவிடும். உன் குறையை எழுதும்போது ‘மினிமேப் (திரை ஓரத்தில் நம் இடத்தைக் காட்டும் குட்டி வரைபடம்) வேண்டும்’ என்று எழுதாதே. ‘இருபது நிமிடம் நடந்தும் என் இடத்தைச் சரிபார்க்க ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று எழுது. அதுதான் கேம் செய்தவர்களால் சரிசெய்யக்கூடிய குறை.

கேள்வி: சேவ் செய்யவே வழியில்லை. முக்கால் மணி நேரம் நடந்துவிட்டுச் செத்தால் பழைய இடத்துக்கே கொண்டு போய் விடுகிறது. இதையும் நியாயப்படுத்துவீர்களா?

மாட்டேன். குறிப்பையோ முகாமையோ கண்டுபிடித்தால்தான் சேவ் ஆகும். வழி தெரியாமல் அலைவதை மையமாக வைத்த ஒரு கேமில் இது பெரிய தவறு. அலைபவனிடம் புது இடம் எதையும் பார்த்துவிடலாம் என்ற துணிச்சல் இருக்க வேண்டும். செத்தால் அத்தனை நடையும் வீண் என்று தெரிந்ததும் அவன் என்ன செய்வான்? தெரிந்த பாதையை விட்டு இறங்க மாட்டான். வரைபடம் ‘போய்ப் பார்’ என்கிறது, சேவ் முறை ‘போகாதே’ என்கிறது. கேமின் இரண்டு பாதிகளும் சண்டை போடுகின்றன.

பணம் சம்பந்தப்பட்ட ஒரு பக்கமும் உண்டு. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். நாலைந்து மணி நேரத்தில் முடியக்கூடிய இந்த மாதிரி கேமில் முதல் ஒரு மணி நேரம் வீணானது என்று ஒருவருக்குத் தோன்றினால், அவர் அங்கேயே கிளம்பிவிடுவார். மிச்சத்தில் என்ன இருக்கிறது என்பதை அவர் பார்க்கவே போவதில்லை.

முகாம்களைக் கண்டுபிடித்துவிட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாகத் தாவலாம். அதனால் முதலில் முகாம்களைத் தேடுங்கள், குறிப்புகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பாதி எரிச்சல் குறையும்.

கேள்வி: உண்மைச் சம்பவம் என்கிறார்களே, இதில் எவ்வளவு உண்மை? ஏலியன், ரகசிய ஆயுதம் என்றெல்லாம் படித்தேன்.

இடமும் மரணங்களும் உண்மை. அன்றைய ஸ்வெர்ட்லோவ்ஸ்க் (இன்றைய யெகாட்டரின்பர்க்) நகரத்தின் உரால் பாலிடெக்னிக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள்தான் குழுவில் பெரும்பாலோர். தலைவன் இகோர் டியாட்லோவுக்கு வயது 23. பத்துப் பேர் கிளம்பினார்கள். உடல்நிலை சரியில்லாமல் யூரி யூதின் என்பவர் நடுவழியில் திரும்பிவிட்டார். மற்ற ஒன்பது பேரும் 1959 பிப்ரவரி 1-ம் தேதி இரவு, கோலாட் சியாக்ல் மலையின் சரிவில் கூடாரம் அடித்தார்கள்.

தேடிப் போனவர்கள் பிப்ரவரி 26-ம் தேதி கூடாரத்தைக் கண்டுபிடித்தபோது அது உள்ளிருந்து கிழிக்கப்பட்டிருந்தது. காலணி, கோட்டெல்லாம் உள்ளேயே கிடந்தன. காலுறையோடும் வெறுங்காலோடும் நடந்த தடங்கள் கீழே காட்டை நோக்கிப் போயின. ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய மரத்தடியில், நெருப்பு மூட்டிய இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு உடல்கள். அந்த மரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவில், திரும்பிப் போக முயன்றவர்களைப் போல மூன்று உடல்கள். மீதி நான்கு பேர் மே மாதத்தில்தான், ஓர் ஓடைப் பள்ளத்தில் ஆழமான பனிக்கு அடியில் கிடைத்தார்கள். ஆறு பேர் குளிரில் உறைந்தும், மூன்று பேர் பலத்த காயத்தாலும் இறந்திருந்தார்கள். சில உடைகளில் கதிரியக்கமும் தெரிந்தது. மக்களால் எதிர்க்க முடியாத ஓர் இயற்கைச் சக்தி காரணம் என்று எழுதி சோவியத் விசாரணை வழக்கை மூடியது. நீங்கள் படித்த கதைகளெல்லாம் இந்த இடைவெளியில் முளைத்தவை.

2019-ல் ரஷ்யா வழக்கைத் திரும்பத் திறந்து, அடுத்த ஆண்டு பனிச்சரிவுதான் காரணம் என்றது. 2021 ஜனவரியில் சுவிட்சர்லாந்தில் பணியாற்றும் யோஹான் கோம், அலெக்சாண்டர் புஸ்ரின் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கூடாரத்துக்காகச் சரிவை வெட்டியதில் மேலே இருந்த பனிப்பலகை, அதாவது இறுகிப்போன பனி அடுக்கு, பிடிமானம் இழந்தது. மேலிருந்து வீசிய காற்று பல மணி நேரம் அதன்மேல் பனியைக் குவித்தது. கடைசியில் ஒரு சிறிய பலகை வழுக்கி, படுத்திருந்தவர்கள் மேல் விழுந்திருக்கலாம். அளவு சிறியது என்பதால் பின்னால் வந்தவர்களுக்குத் தடயம் தெரியவில்லை. பனியின் ஓட்டத்தைக் கணக்கிட, டிஸ்னி தன் அனிமேஷன் படத்துக்காக எழுதிய பனி நிரலின் முறையைப் பயன்படுத்திக்கொண்டார்கள். திரையில் பனி நிஜமாகத் தெரிவதற்காகச் செய்த வேலை ஒன்பது பேரின் மரணத்தைப் புரிந்துகொள்ள உதவியிருக்கிறது என்பது என்னை மிகவும் நெகிழ வைத்த விஷயம். இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை, ஆனால் நான் படித்ததில் வலுவானது இதுதான்.

கேமில் வரும் நிழல் உருவங்கள், குரல்கள் எல்லாம் கற்பனை.

கேள்வி: நிஜமாகச் செத்தவர்களை வைத்து பொழுதுபோக்குவது சரியா சார்?

எனக்கும் உறுத்துகிற கேள்வி. அவர்கள் சாவதை நாம் ஆடிப் பார்ப்பதாக இந்த கேம் வைக்கவில்லை, பின்னால் அங்கே வந்த ஒருவராகத்தான் நடக்கிறோம். அந்த வரை சரி. ஆனால் கேமில் கிடைக்கும் குறிப்புத் தாள்களில் விஞ்ஞானிகள், சோதனை, அமானுஷ்யம் என்று எல்லா வதந்தியையும் சமமாக அள்ளிப் போட்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒன்பது பேரும் மனிதர்களாக நினைவில் நிற்கவில்லை, புதிராக மட்டும் நிற்கிறார்கள்.

கேள்வி: எதிரி வந்தால் அடிக்க ஒரு கத்திகூட இல்லை. ஓடு, செத்துப் போ, மறுபடி ஓடு. ஆயுதம் கொடுத்திருக்கலாமே?

இதற்கு இதே குளிர்ப் பிரதேசத்திலிருந்து ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. சுவீடனின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் 2007-ல் ‘பெனும்ப்ரா: ஓவர்ச்சர்’ வெளியிட்டது. கிரீன்லாந்தின் பனியில் தொடங்கி, கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்துக்குள் இறங்கும் கதை. அதில் சுத்தியலும் பிக்காக்ஸும் உண்டு. சண்டை தடுமாற்றமாக இருக்கிறது என்று ஆடியவர்கள் குறை சொன்னார்கள். ஸ்டுடியோ சண்டையை மெருகேற்றவில்லை. 2008-ல் வந்த அடுத்த பாகத்தில் சண்டையையே எடுத்துவிட்டார்கள், பயம் இரண்டு மடங்கானது. 2010-ல் வந்த ‘அம்னீசியா’வில் ஆயுதம் கிடையாது. அந்த வழி இந்த வகை கேம்களுக்கே ஒரு பாதையாகிவிட்டது. குறை சொன்னவர்கள் காட்டிய இடம் சரியானது, அதற்கு மருந்து வேறாக இருந்தது.

கோலாட்டில் பிரச்சினை ஆயுதம் இல்லாதது அல்ல. எதிரி தொட்டதும் சாவு, ஏன் செத்தோம் என்பதும் பல நேரம் புரிவதில்லை. ஒளிந்துகொள்ளவோ திசை திருப்பவோ வழி இருந்தால் ஆயுதம் தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: இவ்வளவு பனியில் நடக்கிறோம், குளிரே அடிக்கவில்லையே?

ஆமாம், கோலாட்டில் உடல் வெப்பம் என்று ஒரு கணக்கே இல்லை. அதை நான் பெரிய இழப்பாகவே பார்க்கிறேன். நிஜத்தில் ஆறு பேரைக் கொன்றது குளிர்.

கனடாவின் பாரபோல் ஸ்டுடியோ செய்த ‘கோனா’வைப் பாருங்கள். 1970, வட கியூபெக், பனிப்புயல். விறகடுப்பைப் பற்ற வைத்தால்தான் சூடு கிடைக்கும், சேவும் அங்கேதான். கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் கண் அடுப்பைத்தான் தேடும். ‘தி லாங் டார்க்’ இன்னும் கடுமையாகப் போகிறது, நனைந்த உடை உறைந்து போகும். அதில் நடந்த ஒரு விஷயம் முக்கியம். வெளியே போனால் ஆபத்து என்பதால் பலர் நாள்கணக்கில் வீட்டுக்குள் தூங்கியே உயிரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அது புகாராக எழுதியது இல்லை, ஆனால் அதுவும் ஒரு பின்னூட்டம்தான். வெகுநாள் உள்ளேயே இருந்தால் மனம் புழுங்கி, வீட்டுக்குள் தூங்க முடியாமல் போகும்படி ஒரு விதியைச் சேர்த்தார்கள். திட்டியவர்கள் உண்டு. எனக்கு அது சரியான முடிவு.

கேள்வி: முடிவு புரியவில்லை.

பலருக்கும் அதே நிலைதான். கதையைச் சொல்லும் ஆங்கில நடிகர் ஷான் பீனின் குரல் அருமை, ஆனால் சொல்லும் வாக்கியங்கள் எல்லாமே பூடகம். எல்லாக் குறிப்புகளையும் சேர்த்தாலும் ஒரே விடை வராது. நான் அதைத் தேடி அலையச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: டெவலப்பர்கள் நம் கருத்தை நிஜமாகவே படிக்கிறார்களா? எப்படி எழுதினால் பயன்?

சின்ன ஸ்டுடியோக்கள் படிக்கிறார்கள். ‘தி லாங் டார்க்’ செய்த ஹிண்டர்லேண்ட், 2017 ஆகஸ்டில் கதைப் பகுதியின் முதல் இரண்டு அத்தியாயங்களை வெளியிட்டது. போய் எடுத்து வா, கொண்டு கொடு என்ற வேலைகளே அதிகம் என்று ஆடியவர்கள் சலித்துக்கொண்டார்கள். 2018 டிசம்பரில் அதே இரண்டு அத்தியாயங்களையும் திருத்தி எழுதி வெளியிட்டார்கள். விற்று முடிந்த பொருளுக்கு இன்னொரு முறை உழைப்பது லேசான காரியம் இல்லை.

எழுதும்போது எந்த இடத்தில் இருந்தீர்கள், என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்பதைச் சொல்லுங்கள். ‘பயமாக இல்லை’ என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘முதல் தடவை அந்த உருவம் வந்தபோது ஹெட்செட்டைக் கழற்றிவிட்டேன், மூன்றாம் தடவை அதே இடத்தில் செத்தபோது கொட்டாவி வந்தது’ என்றால் எங்கே கத்தி வைப்பது என்று அவர்களுக்குத் தெரியும். அப்புறம், பிடித்ததையும் எழுதுங்கள். குறைகளை மட்டும் படித்து நல்லதையும் சேர்த்து வெட்டிவிடும் அபாயம் உண்டு. கோலாட்டின் வரைபடத்துக்காக நான் இவ்வளவு பரிந்து பேசுவது அதனால்தான்.

கேள்வி: அண்ணா, நானே அன்ரியல் என்ற கேம் மென்பொருளில் ஒரு பனிக்காட்டுத் திகில் கேம் செய்துகொண்டிருக்கிறேன். ஆடிப் பார்த்தவர்கள் “எல்லாம் வெள்ளையாக இருக்கிறது, கண் வலிக்கிறது” என்கிறார்கள். நான் பனியையே நேரில் பார்த்ததில்லை.

பார்க்காதது தடை இல்லை. கண் வலிக்கிறது என்பதன் அடியில், தூரத்தை அளக்க முடியவில்லை என்ற குறை இருக்கலாம். மேகமூட்டத்தில் பனிமேல் நிழல் விழாது, மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். வெளிச்சத்தைத் தாழ்வான கோணத்தில் வை, நிழலுக்கு நீலம் கொடு, சாய்ந்த கம்பம், இருண்ட மரவரிசை, பாறை என்று கண் பிடித்துக்கொள்ள ஏதாவது நடு. கோலாட் இரவையும் நிலவொளியையும் எடுத்துக்கொண்டதால் இந்தச் சிக்கலிலிருந்து பெருமளவு தப்பித்தது.

ஒலியில் இன்னும் கவனம் வேண்டும். புதிதாக விழுந்த பனி ஒலியை உறிஞ்சிவிடும், எதிரொலி இருக்காது. அதனால் காட்டில் எதிரொலி போடாதே. கடுங்குளிரில் காலடி கிறீச்சிடும், குளிர் குறைந்தால் நசநசக்கும். மீட்டர் எதுவும் வைக்காமல் காலடி ஓசையை வைத்தே வெப்பநிலை இறங்குவதை உணர்த்தலாம். இதை யாராவது முழுசாகச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நீ செய்தால் முதல் டெமோவை எனக்கு அனுப்பு, நிமிடம் நிமிடமாகக் குறிப்பெழுதித் தருகிறேன்.

கேள்வி: என் லேப்டாப் பழையது. எதிலிருந்து தொடங்கலாம்?

சுவீடனின் சிமோகோ ஸ்டுடியோ செய்த ‘இயர் வாக்’. 2013-ல் ஐபோனுக்கு வந்து, அடுத்த ஆண்டு கணினிக்கும் வந்தது. பழைய சுவீடனின் பனிக்காடு, தட்டையான ஓவியங்கள், லேசான கேம். ஒரே இரவில் முடித்துவிடலாம். முடிந்தது என்று நினைத்ததும் மூடிவிடாமல், கூடவே வரும் நாட்டார் கதைக் குறிப்புகளைத் திரும்பத் திறந்து பாருங்கள். ஹெட்செட் கட்டாயம்.